திருத்தமும் அதன் காரணமும்

இயந்திரம் செய்த தவற்றை அறிந்தவன் ஒருவன் எடுத்துக்காட்ட, அத்திருத்தத்தை அது ஏற்று மறுமுறை அவ்வாறே நடக்க வேண்டும் என்னும் ஆசை, இன்றைய உரையாடும் கருவிகளோடு பிறந்ததன்று. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் 1970-களில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் முதலியோர் அமைத்த மைசின் என்னும் மென்பொருள், இரத்தத்தில் பரவும் நோய்க்கிருமி இன்னதென ஊகித்து, அதற்கேற்ற மருந்தையும் சொல்லியது. அதன் முடிவோடு வைத்தியர் மாறுபட்டால், அம்முடிவைப் பிறப்பித்த விதிகளைப் பின்னோக்கித் தொடர்ந்து சென்று, பிழை எங்கே என்று அவரையே வினவி, அவர் சொல்லும் புது விதியைத் தனக்குரிய வடிவில் அமைத்து, அமைத்ததை அவருக்குக் காட்டிச் சம்மதம் பெற்று, அதே நோயாளியின் விவரங்களை மீண்டும் ஆராயும் டைரீசியஸ் என்ற துணைக் கருவியை ராண்டால் டேவிஸ் 1976-இல் தம் ஆராய்ச்சி நூலில் விவரித்தார். இந்த விஷயத்தைப் பற்றிய மற்ற விதிகள் பெரும்பாலும் இன்ன நிபந்தனையைக் குறிப்பிட, இந்த விதியில் மட்டும் அது இல்லையே என்று திருத்துகிறவரையே நிறுத்திக் கேட்கவும் அது வல்லதாயிருந்தது. அரை நூற்றாண்டுக்கு முந்திய அந்த எச்சரிக்கை, இன்று நம் கையிலுள்ள கருவிகளில் பெரும்பாலும் காணக் கிடைக்கவில்லை.

இன்றைய வழக்கம் எளியது. நிரல் எழுதுவோர்க்கு உதவும் கிளாட் கோட், கர்சர் போன்ற கருவிகள், வேலைக்குரிய கோப்புறையிலேயே வைக்கப்பட்ட ஒரு குறிப்புக் கோப்பை, ஒவ்வோர் அமர்வின் தொடக்கத்திலும் படித்துக்கொள்கின்றன. பயனர் ஒரு தவற்றைத் திருத்தி, அதைக் குறித்து வைக்கச் சொன்னால், அத்திருத்தம் அந்தக் கோப்பில் ஒரு வரியாகச் சேர்கிறது. கருவியை இயக்கும் மொழி மாதிரியின் உள்ளே இருக்கும் கோடிக்கணக்கான எண்களில் ஒன்றுகூட இதனால் மாறுவதில்லை. நேற்றைய திருத்தம் இன்று மீண்டும் படிக்கப்படுகிறது, அவ்வளவே. இந்த எளிமையைக் குறையென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கோப்பில் உள்ளதை எவரும் படிக்கலாம். நிரலோடு சேர்த்து, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் வைத்தால், எந்த வரியை யார், என்று சேர்த்தார் என்பது பிரத்தியட்சமாகத் தெரியும். நேற்று வேலையில் சேர்ந்தவருடைய கருவியும் மூத்தவர்களின் அநுபவத்தை முதல் நாளிலேயே பெற்றுவிடும். நிரலை ஒழுங்காக எழுது என்பதைவிட, இரண்டு இடைவெளி விட்டு வரியைத் தொடங்கு என்று குறிப்பாகச் சொல்வதே நன்று என்று கிளாட் கோடின் கையேடு கூறும் புத்திமதியும் பயனுள்ளதே.

ஆனால் தெளிவாகக் கட்டளையிடக் கற்பிக்கும் கையேடுகள், கட்டளையின் காரணத்தையும் எழுதி வை என்று அதே அழுத்தத்தோடு சொல்வதில்லை. இதையே நான் பெரிய தோஷமாகக் கருதுகிறேன். மைசினின் விதிகளைக் கொண்டு மருத்துவ மாணவர்க்குப் பாடம் சொல்ல முயன்ற வில்லியம் கிளான்சி, 1983-இல் வெளியிட்ட கட்டுரையில் இதன் வேரையே தொட்டுக் காட்டினார். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டெட்ராசைக்ளின் கொடுக்கலாகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. வளரும் எலும்பிலும் பல்லிலும் அம்மருந்து படிந்து, பல்லின் நிறத்தைக் கெடுத்துவிடும் என்பது அதன் காரணம். அக்காரணமோ விதிக்குள் எங்கும் இல்லை. காரணத்தை அறியாமலே மைசின் அந்த விதியைப் பிழையின்றிக் கடைப்பிடித்தது. உயிருக்கே அபாயம் நேர்ந்து, வேறு மருந்தும் உதவாத வேளையில், பல்லின் நிறத்தைப் பொருட்படுத்தாமல் விதியை மீறலாமா என்று தீர்மானிக்க வேண்டியவருக்கு மட்டும், அந்த விதியால் எள்ளளவும் துணையில்லை.

குறிப்புக் கோப்புகளிலும் இதுவே நிகழ்கிறது. பழைய சர்வர் ஒன்றில் ஒரு நிரல் நூலகம் சரியாக இயங்காததால், இதை இங்கே பயன்படுத்தாதே என்று நிரலாளர் ஒருவர் சொல்ல, கருவி அதை, எக்காலத்தும் எவ்விடத்தும் பயன்படுத்தலாகாது என்று பதிந்துகொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். பிறகு சர்வர் மாறும், சொன்னவரும் வேறு வேலைக்குப் போய்விடுவார். வரி மட்டும் ஸ்திரமாக நிற்கும். ஏன் எழுதப்பட்டது என்பது தெரியாத வரியை நீக்க எவருக்கும் துணிவு வருவதில்லை. ஆகவே ஒன்றோடொன்று முரண்படும் வரிகளும் அருகருகே பெருகி, கோப்பு நீண்டுகொண்டே போகிறது. நீண்ட எழுத்தின் நடுவே கிடக்கும் செய்தியை மொழி மாதிரிகள் தொடக்கத்திலும் இறுதியிலும் உள்ளவற்றைப் போல நன்கு பயன்படுத்துவதில்லை என்று ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர் சிலரும் பிறரும் 2023-இல் காட்டியதை நினைத்தால், இப்பெருக்கம் நல்ல திருத்தங்களையும் பலவீனப்படுத்தும் என்று அஞ்ச இடமிருக்கிறது.

திருத்தம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதிலும் கையேடுகள் இன்னும் வெளிப்படையாக வேண்டும். கோப்பில் எழுதிய வரி நம் கண்முன் இருக்கிறது. பதிலுக்குக் கீழே அழுத்தும் கட்டைவிரல் குறியோ, வேறு வழியில் சென்று மாதிரியின் பயிற்சியிலேயே கலந்துவிடக்கூடும். 2025 ஏப்ரலில் ஓபன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியில் இயங்கிய ஜிபிடி-4ஓ மாதிரியை மாற்றி வெளியிட, அது பயனர் சொன்னதற்கெல்லாம் மிதமிஞ்சித் தலையாட்டத் தொடங்கியதால், சில தினங்களிலேயே அம்மாற்றம் திரும்பப் பெறப்பட்டது. அத்தகைய விருப்பக் குறிகளைப் புதிதாகப் பயிற்சியில் சேர்த்ததும் அதற்கு ஒரு காரணமாயிருக்கலாம் என்று அந்நிறுவனமே விளக்கியது. மக்களுக்கு உவந்தது வேறு, சரியானது வேறு. இரண்டையும் ஒரே குறியால் அறிய முயல்வதன் விளைவு இது.

மறதியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2024-இல் சாட்ஜிபிடிக்கு ஞாபக வசதி வந்தபோது, ஓர் உரையாடலை அழித்தாலும் அதிலிருந்து சேமித்த ஞாபகம் அழியாது, அதைத் தனியே நீக்க வேண்டும் என்று ஓபன்ஏஐ அறிவித்தது. அப்படிச் சொன்னது நேர்மைதான்; ஆனால் சாமானியர் தாமாக ஊகிக்க முடியாத இத்தகைய செய்தி, உதவிப் பக்கங்களின் ஆழத்தில் கிடக்கலாகாது. திருத்தத்தைச் சேர்ப்பது எப்படி என்று கற்பிக்கும் அதே பக்கத்தில், அது எங்கே தங்கும், யார் யாருக்குப் பொருந்தும், முந்திய திருத்தத்தோடு முரண்பட்டால் எது வெல்லும், எவ்வாறு நீக்குவது என்பனவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு வரியோடும் தேதியும் சந்தர்ப்பமும் காரணமும் எழுதும் வழக்கத்தைக் கையேட்டிலுள்ள உதாரணங்களே முதலில் கைக்கொள்ள வேண்டும், ஏனெனில் உபயோகிப்போரில் பெரும்பாலோர் உபதேசத்தைப் படிப்பதில்லை, உதாரணத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.