குரலுக்கு ஏது சீருடை?

கிரெய்க் ஸோபெல் இயக்கிய 'கம்ப்ளையன்ஸ்' (2012) படத்தில் ஒரு கோழிக்கறிக் கடைக்கு போன் வருகிறது. "நான் போலீஸ் பேசுறேன். உங்க கடையில வேலை செய்யுற பொண்ணு திருடிட்டா." அந்தக் குரலை நம்பி, மேலாளர் அம்மா பின்னறையில் பெண்ணின் உடைகளைக் கழற்றவைத்துச் சோதிக்கிறார். கற்பனை அல்ல. 2004 ஏப்ரல் 9இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து மெக்டொனால்ட்ஸ் கடையொன்றில் நடந்ததுதான். இதுபோல் சுமார் 30 மாநிலங்களில் எழுபதுக்கும் மேல் அழைப்புகள். போன் செய்ததாகப் பிடிபட்டவர் 2006இல் விடுதலையாகிவிட்டார்.

இப்படிக்கூட நம்புவார்களா என்று படம் பார்த்தவர்கள் கேட்டார்கள். விமர்சகர்கள் மில்கிராமின் பரிசோதனையை எடுத்துக்கொண்டு, 'மனித மனம்' அதிகாரத்துக்குக் கீழ்ப்படியும் என்றார்கள். எந்த மனிதரின் மனம்? போன் செய்தவன் கம்பெனி முதலாளி வீட்டுப் பெண்ணைத் திருடி என்று சொல்லவில்லையே. மணிக்கூலிக்கு நிற்கிற பெண்ணைத்தான் சொன்னான். கல்லாவில் நூறு ரூபாய் குறைந்தால் முதலில் யாருடைய பையைக் கொட்டுவார்கள் என்று வேலப்பன்சாவடி ஓட்டல்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் பெருக்கித் துடைக்கிற அக்காக்களைக் கேளுங்கள். 'இப்படிக்கூடவா'ன்னு அவங்க கேக்க மாட்டாங்க.

குரல் அந்தப் பெண்ணுக்கு இரண்டு வழி தருகிறது: இங்கேயே சோதனையா, இல்லை ஸ்டேஷனா? அவள் 'இங்கேயே' என்கிறாள். படம் இதை ஒரு வசனமாகத் தாண்டிவிடுகிறது. நமக்கோ முழுப் படமும் அங்கேதான் இருக்கிறது. 1992 ஜூன் 20இல் வாச்சாத்திக்குள் வந்தவர்கள் போலிகளல்ல. வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையின் அசல் ஆட்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்று தீர்ப்பு வர 2011 ஆயிற்று. அசல் அதட்டலே இப்படி இருக்கும்போது போலி அதட்டலை எதைக்கொண்டு பிரித்தறிவது? முட்டாள்தனம் என்பதெல்லாம் ஸ்டேஷன் வாசலை மிதிக்காதவர்கள் பேச்சு.

சட்டமும் கொஞ்சம் வேடிக்கையானதுதான். கைது செய்ய உடலைத் தொடவேண்டும் என்கிறது. கூடவே, சொல்லாலோ செயலாலோ பணிந்துவிட்டால் தொடவேண்டியதில்லை என்றும் சொல்கிறது. அந்தப் பணிவைத்தான் போன்காரன் அறுவடை செய்கிறான்.

கடைசியில் இதை உடைத்தது யார்? நிஜத்திலும் படத்திலும், கடையில் சில்லறை ரிப்பேர் பார்க்கிற வயதான தொழிலாளி. போனைக் கையில் கொடுத்துச் செய்யச் சொல்கிறார்கள். முடியாது என்கிறார். அதன் பிறகுதான் மேலாளருக்குச் சந்தேகமே வருகிறது. அவரால் எப்படி முடிந்தது என்று ஸோபெல் கேட்கவே இல்லை. கொஞ்ச நேரம் வந்து போகிற ஆளாக வைத்திருக்கிறார்.