கடலுக்கு வரப்பு உண்டா?

நெய்தலுக்குரிய உரிப்பொருள் இரங்கல் என்பது தமிழ் மரபு. கரையில் நின்று கலங்கும் தலைவியையே வகுப்பறைகள் காட்டிப் பழகிவிட்டன. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) என்னும் புதினத்தையும் பலர் பிலோமியின் காதல் துயரமாகவே படிக்கின்றனர். அது பாதி நூலைப் படிப்பதே ஆகும்.

மணப்பாட்டு மீனவரிடையே நிகழும் இக்கதையின் முதுகெலும்பு வேறு. ஒருபுறம் வல்லம், மறுபுறம் லாஞ்சி. முன்னது பாயையும் துடுப்பையும் நம்புவது. பின்னது இயந்திரத்தை நம்புவது. கரை ஒன்றே, ஆயினும் கடல் இரண்டுபடுகிறது. வல்லத்தை விற்றுவிடச் சொல்கிறான் மகன் செபஸ்தி. மறுக்கிறார் குரூஸ் மிக்கேல். இதனை முதியவரின் பிடிவாதம் என்று தள்ளுவது பிழை. வல்லம் போனால் கடலில் தமக்குள்ள இடமும் போகும் என்பதை அவர் அறிவார்.

இப்பூசல் வெறுங்கற்பனையன்று. 1960களில் இழுவலைப் படகுகள் பெருகியபோது, மலேசியாவின் மேற்குக் கரையிலும் சிறுமீனவர்க்கும் அவற்றுக்கும் மோதல் மூண்டு, உயிர்களும் மாண்டன. இறால் மிகுந்த கரையோரத்தையே இரு சாராரும் நாடியது காரணம். 1981இல் அரசு கடலைப் பகுதிகளாக வகுத்தது. கரையிலிருந்து ஐந்து கடல்மைல் வரை மரபுவழி மீனவர்க்கு, பன்னிரண்டு வரை நாற்பது டன்னுக்குட்பட்ட இழுவலைப் படகுகளுக்கு, அதற்கப்பால் பெரியவற்றுக்கு. தமிழகத்திலும் 1983ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று கடல்மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிப்பைத் தடுத்தது. சட்டம் எழுதுமுன்னரே புதினம் எழுதிவிட்டது!

எனினும் குறையொன்று உண்டு. பூசலின் சூட்டை உணர்த்தும் அளவுக்கு, அதன் வேரை நூல் தோண்டவில்லை. இறாலுக்கு ஏறிய விலையும், இயந்திரப் படகுக்குப் பட்ட கடனும் லாஞ்சிக்காரனையும் கரைக்குத் துரத்துவன. அவை விரிந்திருப்பின் அவன்பாலும் வாசகர்க்கு இரக்கம் பிறந்திருக்கும்.

சட்டத்துக்கும் குறை உண்டு. வயல் வரப்பு கண்ணுக்குத் தெரியும். கடல் வரப்பு தெரியாது. காவல் தளர்ந்தால் அது காகிதக் கோடே. மேலும், சட்டம் மைலையும் டன்னையும் அளக்கும். வல்லத்தை இழப்பவனின் நெஞ்சை அளக்காது. அதனை அளப்பது இலக்கியம்.

ஆகவே, கிள்ளான் துறைமுகத்தையும் பூலாவ் கெத்தாம் மீனவரையும் அறிந்த மாணவர்க்கு இப்புதினத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், அருகில் ஒரு கடல் வரைபடத்தையும் விரித்து வைத்தல் நன்று. பழைய இரங்கலுக்குப் புதிய காரணம் அங்கே விளங்கும்.