ஒட்டுறதுக்கு ஆயிரம் வசதி, பக்கத்துல எழுத இடமில்லை

ஆர்குட் ஞாபகம் இருக்குங்களா? 2004 ஜனவரியில் வந்து, 2014 செப்டம்பர் 30ல் மூடின தளம். அதுல நமக்கு மத்தவங்க எழுதிப் போடுற பக்கத்துக்கு "ஸ்கிராப்புக்" என்றே பேர். பாதிக்கு மேல "ஹாய், சாப்டாச்சா" ரகம்தான். ஆனா ஒண்ணு சரியா இருந்தது. என் ஸ்கிராப்புக்கில் நீங்க எழுதினதை நான் நீக்கலாம். உங்க பேரை அப்படியே வச்சுக்கிட்டு வாசகத்தை மட்டும் மாத்த முடியாது. இதோட மதிப்பு எனக்கு லேட்டாத்தான் புரிஞ்சது.

கொமரலிங்கத்துல எங்க பழைய வீட்டில் ஒரு ஆல்பம் இருக்கு. கறுப்பு அட்டைத்தாள், மூலைக்கு மூலை முக்கோணக் காகிதம், நடுவுல பட்டர் பேப்பர். சொந்தக்காரங்க திருப்பூர், கோவை, சிட்னின்னு பிரிஞ்சு கிடக்கறதால, ஸ்கேன் பண்ணி எல்லாரும் சேர்ந்து குறிப்பு எழுதற மாதிரி ஒரு வலைச்செயலி செய்யலாம்னு இறங்கினேன். முதல்ல, ஏற்கெனவே இருக்கிறதைப் பார்த்தேன்.

பெரும்பாலான டிஜிட்டல் ஸ்கிராப்புக் கருவிகள் கொடுப்பது பார்டர், ஸ்டிக்கர், விதவிதமான எழுத்துரு. அதாவது ஒட்டுற வசதி. 1873ல் மார்க் ட்வெய்ன் தானே ஒட்டிக்கொள்ளும் ஸ்கிராப்புக்குக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். அன்னைக்கு பசைதான் பிரச்சினை. நூற்றைம்பது வருஷம் கழிச்சும் நாம பசையையே மேம்படுத்திக்கிட்டு இருக்கோம். வாட்ஸ்அப் குரூப்பில் பேச்சு நல்லா நடக்குது, ஆனா நாலு நாள்ல "குட்மார்னிங்" படங்களுக்கு அடியில் புதைஞ்சு போகுது.

2010ல் அனுஷா யாதவ் தொடங்கிய இந்தியன் மெமரி ப்ராஜெக்ட் வேற தரம். ஒரு பழைய குடும்பப் படம், அதைக் கொடுத்தவர் சொல்ற கதை, இவ்வளவுதான். உட்கார்ந்தா எழ மனசு வராது. ஊர் உலகம் படிக்கிற காப்பகத்துக்கு ஒரு படம், ஒரு குரல் என்பது சரியான முடிவு. ஒரு குடும்பத்துக்குள்ள அது போதாது. எங்க வீட்டில் ஒரு படத்துக்கு ஒரு கதைன்னு என்னைக்குமே இருந்ததில்லை.

நம்ம ஊர் ஸ்கிராப்புக் எதுன்னு கேட்டா, தொடர்கதை பைண்டிங்கைத்தான் சொல்வேன். 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த 'பொன்னியின் செல்வ'னை வாராவாரம் கிழிச்சுச் சேர்த்து, மணியம் ஓவியங்களோட பைண்டு பண்ணி வச்ச வீடுகள் எத்தனை! இரவல் வாங்கினவங்க ஓரத்துல எதையாவது எழுதி வைப்பாங்க. அடுத்தவர் அதுக்குப் பக்கத்துலயே மறுப்பு எழுதுவார். பேனா மையாச்சே, அழிக்க முடியாது.

இதெல்லாம் தெரிஞ்ச நான் செஞ்சது என்ன? படத்துக்கு "குறிப்பு" என்று ஒரே ஒரு பெட்டி. யார் வேணும்னாலும் திருத்தலாம். கடைசியா சேமிச்சதுதான் நிக்கும். வாய்க்கால் ஓரம் எடுத்த ஒரு படத்துக்கு, அமராவதி அணை கட்டின புதுசுல பார்க்கப் போனப்ப எடுத்தது, 1958ன்னு பெரியப்பா எழுதியிருந்தார். அத்தை அதை மாத்தி, "அணையெல்லாம் இல்லை, நம்ம வாய்க்கால் மதகு, 1965" என்று போட்டாங்க. ரெண்டு பேரும் போன்ல சண்டை போட்டதைக் கேட்டு நாங்க சிரிச்சோம். ஆறு மாசத்துல பெரியப்பா தவறிட்டார். அவர் எழுதினதைத் தேடினா, இல்லை. அந்த வரிக்கு மேலேயே புது வரி எழுதப்பட்டிருந்தது. பேக்கப் முப்பது நாளுக்குத்தான் வச்சிருந்தேன்.

என் பொழைப்பு பனியன் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதறது. டையிங்குக்குப் போற துணியில் ரெண்டு கிலோவை யார், எப்ப மாத்தினாங்கன்னு லாக் வைக்காம நான் ஒரு ஸ்கிரீன்கூடக் கொடுத்ததில்லை. பெரியப்பாவோட அந்தச் சொல்லுக்கு மட்டும் லாக் இல்லை.

இப்ப இருக்கிற ரெண்டாவது பதிப்பில் குறிப்பைத் திருத்த முடியாது, பக்கத்துல இன்னொன்னு சேர்க்கலாம். இதை நான் அத்தைகிட்டச் சொன்னப்ப அவங்க கேட்டது வேற: "என்னோடதை எடுத்துட்டு எங்கண்ணன் சொன்னதையே போட்டுரு கண்ணு." பெரியப்பா பேர்ல நான் எப்படி எழுதறது? அவரோட வார்த்தைகள்தான் போயிடுச்சே. அதனால "எழுதியவர்" பக்கத்தில் "சொன்னவர்" என்று ஒரு புலம் சேர்த்தேன். அத்தை ஞாபகத்துல இருந்து போன்ல சொல்லச் சொல்ல நான் தட்டினேன். சொன்னவர் பெரியப்பா, நினைவுகூர்ந்தவர் அத்தை, தட்டச்சு நான். அத்தையோட 1965ம் அப்படியே இருக்கு. அதை எடுக்க நான் ஒத்துக்கலை.

வருஷ வரிசையில் இந்தப் படத்தை எங்க வைக்கிறதுன்னு ரெண்டு நாள் மண்டையை உடைச்சேன். இப்போதைக்கு ரெண்டு வருஷத்துக்குக் கீழேயும் வருது.