சாக்கெட் பொருந்தினால் போதுமா?

பழைய மேசைக் கணிப்பொறிக்குப் பிறர் பயன்படுத்திய செயலியை வாங்குவோர், அது தேய்ந்திருக்குமோ என அஞ்சுகின்றனர். அச்சம் வேண்டாம், செயலியில் அசையும் உறுப்பு ஏதுமில்லை. முதலில் கெடுவன பெரும்பாலும் தாய்ப்பலகையிலுள்ள மின்தேக்கிகளே. உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது.

இன்டெல் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட, 775 முனைகளுள்ள சாக்கெட்டைப் பாருங்கள். பென்டியம் 4 செயலியும், 2007-இல் வந்த, நான்கு கருக்களை உடைய கோர் 2 குவாட் செயலியும் அதில் ஒன்றுபோலவே அமரும். ஆனால் தொடக்ககாலப் பலகைகள் பலவற்றில் பின்னது இயங்காது. அதற்கேற்ற மின்னழுத்தத்தை அப்பலகைகளால் தர இயலாது என்பது ஒரு காரணம். இதனை ஏற்கலாம். பயாஸ் என்னும் தொடக்க நிரல் புதிய செயலியை அறியாது என்பது மற்றொன்று. இதனையும் ஏற்கலாம். சில்லுத்தொகுதி பழையது என்பதை மட்டும் காரணமாக ஏற்பதற்கில்லை. 2003-இல் வந்த 865 சில்லுத்தொகுதியிலேயே கோர் 2 செயலிகள் இயங்கும்படி ஆஸ்ராக் நிறுவனம் பலகை செய்து விற்றதே!

ஒலி அட்டையின் கதை இதனினும் வருந்தத்தக்கது. 1998-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ் அட்டை, பல ஒலிகளைத் தானே கலந்து தந்து செயலியின் சுமையைக் குறைத்தது. 2007-இல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, டைரக்ட்சவுண்ட் வழியே அட்டைக்குச் சென்ற பாதையை மூடி, அவ்வேலையைச் செயலியிடமே ஒப்படைத்தது. கணிப்பொறி இடையில் நின்றுபோகாதிருக்க இது உதவும் என்பது மைக்ரோசாப்ட் தந்த விளக்கம். அட்டையில் பழுதொன்றுமில்லை. லினக்சில் அதே அட்டை இன்றும் பாடுகிறது. அதற்கான இயக்கு நிரல் யாவரும் திருத்தும்படி திறந்து கிடக்கிறதன்றோ!

செயலிக்குப் பணம் கொடுக்குமுன், பலகையின் பெயரையும் அதன்மீது அச்சிட்ட பதிப்பெண்ணையும் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் செயலிப் பட்டியலுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே பெயரில் இரு பதிப்புகள் இருப்பதுண்டு. ஒன்று ஏற்பதை மற்றது ஏற்காது.