கிளாசிக் என்றால் புல்லட் மட்டும்தானா?

கிளாசிக் வண்டி எது என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் புல்லட் என்பார்கள். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனி இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு சேர்ந்து சென்னையில் தொடங்கிய வரலாறு அதற்கு இருக்கிறது. ஆனால் 2009-ல் 'கிளாசிக்' என்ற பெயரிலேயே வந்த வண்டியில் பழசு என்பது பெரும்பாலும் தோற்றம்தான். உள்ளே இருப்பது புது எஞ்சின். கியர் மிதியும் வலது காலில் இருந்து இடது காலுக்குப் போய்விட்டது.

எங்க திருப்பூரில் வேறொரு வண்டி இருக்கு. 1980-ல் ஓசூரில் பிறந்த டிவிஎஸ் 50-ன் வாரிசு, எக்ஸ்எல். இதில் நடந்தது நேர் எதிர். 2015-ல் எக்ஸ்எல் 100 வந்தபோது எஞ்சின் நாலு ஸ்ட்ரோக் ஆனது. தாழ்வான உடம்பும் முன்னால் இருக்கும் காலி இடமும் மாறவில்லை. காரணம் இங்கே கண்ணெதிரே இருக்கிறது. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், தையல், காஜா, அயர்ன் வேறு வேறு இடம். பீஸ் கட்டு கால் பக்கம், துணி ரோல் பின்னால். கிளட்ச் இல்லை, கியர் இல்லை. சந்துக்குச் சந்து நின்று நின்று போகத் தோதானது.

குறையும் உண்டு. ஓட்டுபவர் தலையே தெரியாத அளவு சுமை ஏறும் வண்டிக்கு வெறும் டிரம் பிரேக் போதாது. கேரியரையும் பட்டறையில் தனியாக அடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பழைய புல்லட்டைத் தேடிப்பிடித்து லட்சங்களில் புதுப்பிக்கிறோம். பெடல் வைத்த டிவிஎஸ் 50 காயலான் கடைக்கு எடைக்குப் போகிறது. உங்க வீட்டுத் திண்ணையோரம் ஒன்று நின்றால், தயவுசெய்து போட்டுவிடாதீர்கள்.