மணமகளாக்கப்பட்ட மணமகன்

நகைச்சுவைப் படங்களைப் பொழுதுபோக்குச் சரக்கென ஒதுக்கிவிடுவது விமரிசகர்களிடையே வழக்கமாகிவிட்டது. ஆயின், சமுதாய முரண்பாடுகள் சில வேளைகளிற் சிரிப்பின் மூலமே தம்மைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. ஹவார்ட் ஹோக்ஸ் இயக்கி, 1949இல் ஹொலிவூட்டிலிருந்து வெளிவந்த 'ஐ வாஸ் எ மேல் வார் பிரைட்' என்னும் படம் இவ்வகையில் நமது கவனத்துக்குரியது. அந்நிய நாட்டுப் பெண்ணை மணந்தவன் அவளது நாட்டினுள் நுழைவதற்கு நிரப்பவேண்டிய பத்திரங்களே இதன் பிற்பகுதியை நடத்திச் செல்கின்றன.

கதை நிகழ்வது போருக்குப் பிந்திய ஜெர்மனியில். பிரெஞ்சுப் படைக் கப்டன் ஹென்றி றொஷார், அமெரிக்கப் பெண்கள் படையின் லெப்டினன்ட் கதரினைக் காதலிக்கிறான். திருமணச் சடங்கையே மூன்று முறை நடத்த வேண்டியிருக்கிறது. அதன் பின்னரும் மனைவியுடன் அமெரிக்கா செல்ல அவனுக்குள்ள வழி, 1945 டிசம்பரில் நிறைவேறிய போர் மணமகளிர் சட்டம் ஒன்றே. சட்டத்தின் வாசகம் 'வாழ்க்கைத்துணை' என்றே கூறுவதால் அது ஆணுக்கும் பொருந்தும். ஆனால் பத்திரத்தை வகுத்தவர்களோ பெண்ணை மட்டுமே மனத்திற் கொண்டிருந்தனர். எனவே, பெண்ணின் உடல்நிலை பற்றிய கேள்விகளுக்குக் கப்டன் விடையளிக்க வேண்டியவனாகிறான். இரவு முழுவதும் படுக்க இடமின்றி அலைகிறான். ஈற்றிற் பெண்வேடமிட்டே கப்பலேறுகிறான்.

இங்கே ஹோக்ஸ் ஓர் உண்மையைத் தொட்டுவிடுகிறார். பிரஜை என்பவன் ஆண், அவனைப் பின்தொடர்பவள் பெண் என்ற பழைய எண்ணம் பத்திரத்தின் ஒவ்வொரு வரியிலும் உறைந்து கிடக்கிறது. 1907ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், அந்நியனை மணந்த பெண்ணின் பிரஜாவுரிமையையே பறித்தது. 1922இலேதான் அதனைத் திருத்தத் தொடங்கினர். அவ்வரலாற்றின் எச்சமே கப்டன் படும் பாடு. பதவியும் மிடுக்கும் படைத்த ஆணொருவனைப் பெண்ணின் இடத்தில் நிறுத்தி, பெண்கள் பேசாது சகித்துவந்த அவமதிப்பை யாவரும் காணச் செய்தமை இப்படத்தின் வெற்றி எனலாம்.

ஆயினும் அதன் சிரிப்பு ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. கப்டன் வெள்ளையன். பத்திரம் அவனை அலைக்கழிக்கிறதேயன்றித் தடுக்கவில்லை. அதே காலத்தில் அமெரிக்கப் போர்வீரரை மணந்த யப்பானிய, கொரியப் பெண்களின் நிலை வேறு. பிரஜாவுரிமைக்குத் தகுதியற்ற இனத்தவரென 1924ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் அவர்களைத் தள்ளிவைத்திருந்தது. 1945ஆம் ஆண்டுச் சட்டம் அத்தடையை நீக்கவில்லை. 1947 ஜூலையில் ஒரு திருத்தம் வந்தது. அது நிறைவேறி முப்பது நாள்கள் கழிவதற்குள் மணம் முடித்தவர்களுக்கே அச்சலுகை உண்டு. காதலுக்கு முப்பது நாள் தவணை! இத்தகைய தற்காலிகச் சலுகைகளுக்குப் பின், 1952இலேதான் அந்த இனத்தடை சட்டத்திலிருந்து அகன்றது. படம் முடிகையிற் கப்பற் சாளரத்தினூடே சுதந்திர தேவியின் சிலை தெரிகிறது. அச்சிலையைக் காண அனுமதிக்கப்படாதோரைப் பற்றிப் படம் மௌனம் சாதிக்கிறது.

இன்று நிலை மாறிவிட்டதா? கடல்கடந்து மணமுடிக்கும் பிள்ளைகளின் பத்திரக்கட்டுகளைக் கண்ட நம் வாசகர் விடையை அறிவர். அமெரிக்கப் பிரஜை ஒருவர் தாம் மணக்கவிருப்பவரை வருவிக்க 'ஐ-129எஃப்' என்னும் பத்திரத்தை நிரப்புகிறார். கடந்த ஈராண்டுகளுக்குள் இருவரும் நேரிற் சந்தித்தமைக்குப் பொதுவாகச் சான்று வேண்டும். 1986இற் புகுத்தப்பட்ட விதி இது. வந்து சேர்ந்த 90 நாள்களுக்குள் மணம் முடிய வேண்டும். பின்னர் நிரந்தர வதிவிடம் பெறுவதற்கு, பிரஜையின் வருமானம் வறுமைக்கோட்டின் 125 வீதத்தை எட்டாவிடின், பொறுப்பேற்க வேறொருவரைத் தேட வேண்டும். விமானச்சீட்டு வாங்க வழியற்ற தொழிலாளியின் அன்பு, சந்திப்புக்குச் சான்றின்றி முதற் பக்கத்திலேயே தடைப்பட்டுவிடலாம்.

அன்று இனம் காவல் நின்ற வாயிலில் இன்று பணம் காவல் நிற்கிறது. ஹோக்ஸ் பத்திரத்தின் சொற்களைக் கண்டு சிரிக்கக் கற்றுத்தந்தார். அச்சொற்கள் யாருடைய நலனுக்காக எழுதப்பட்டன என்று கேட்கும் கலைஞனையே நாம் எதிர்பார்க்கிறோம்.