பேரைச் சொல்லவே இல்லை

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு சின்ன ஊர். சாமையும் பலாவும் பற்றி எழுதலாம் என்று போனவன், மழைக்கு ஒரு வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினேன். உள்ளே மண் சுவரில் சாமி படங்களுக்கு நடுவே ஒரு போட்டோ. கறுப்பு அங்கி, நாலு மூலைத் தொப்பி, கையில் ரிப்பன் கட்டிய காகிதச் சுருள், முகம் கொள்ளாத சிரிப்போடு ஒரு பெண்.

“எம் பொண்ணுதான் சார். பி.ஏ. எங்க வீட்ல மொத மொத படிச்சது அதான்” என்றார் அந்த அம்மா.

“பட்டம் வாங்கறப்ப நீங்களும் போயிருந்தீங்களாம்மா?”

“போனம் சார், ரெண்டு பஸ்ஸு மாறி. உள்ள உடல. வெளிய பந்தல் போட்டு டி.வி. வெச்சிருந்தாங்க. அதுல ஒரு பெரியவரு பேசினாரு, பேசினாரு, பேசிக்கினே இருந்தாரு. அப்புறம் புள்ளைங்க பத்துப் பத்துப் பேரா மேடைக்கு வந்து போட்டோ எடுத்துக்கினு போச்சுங்க. எங்க புள்ள எப்ப வந்துதுன்னே தெரியல. பேரைச் சொல்லவே இல்ல சார்.”

எந்தக் கல்லூரி என்பது முக்கியமில்லை. உங்கள் மகன் படித்த கல்லூரியாகக்கூட இருக்கலாம்.

சினிமாவுக்கு விமரிசனம் எழுதுகிறோம். டிசம்பர் கச்சேரிக்கு எழுதுகிறோம். வருஷா வருஷம் ஊர் ஊராக அரங்கேறும் பட்டமளிப்பு விழா என்கிற நாடகத்துக்கு மட்டும் யாரும் எழுதுவதில்லை. எழுதிப் பார்க்கலாமே.

முதலில் கதை. 1857ல், சிப்பாய்க் கலகம் நடந்த அதே வருஷம், கல்கத்தா, பம்பாய், சென்னை என்று மூன்று பல்கலைக்கழகங்களை ஆங்கிலேயர்கள் தொடங்கினார்கள். மாதிரி, லண்டன் பல்கலைக்கழகம். அதாவது பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. பரீட்சை வைப்பதும் பட்டம் கொடுப்பதும்தான் பல்கலைக்கழகத்தின் வேலை. வகுப்பறை இல்லாத பல்கலைக்கழகம்! மாணவனுக்கு அது ஹால் டிக்கெட்டாகவும் மார்க் ஷீட்டாகவும்தான் தெரியும். நேரில் முகம் காட்டியது பட்டமளிப்பு நாளன்று மட்டும்தான். அதனால்தான் இத்தனை ஊர்வலம், செங்கோல், அங்கி எல்லாம்.

சென்னையின் முதல் பட்டதாரிகள் இரண்டு பேர். சி.வை. தாமோதரம் பிள்ளை, கரோல் விசுவநாத பிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். தாமோதரம் பிள்ளை பிற்பாடு கலித்தொகை போன்ற நூல்களை ஏட்டுச்சுவடியிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர். இரண்டே பேர் என்பதால் அன்றைக்குப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

அப்புறம் கல்லூரிகள் பெருகின, கூட்டம் பெருகியது. இப்போது பல்கலைக்கழக மேடையில் நேரில் பட்டம் வாங்குவது பெரும்பாலும் முனைவர்களும் ரேங்க் வாங்கியவர்களும்தான். மற்றவர்களுக்கு ‘இன் ஆப்ஸென்ஷியா’, வராமலே பட்டம். அவர்களுக்காகக் கல்லூரிகள் தனியாக ‘கிராஜுவேஷன் டே’ நடத்துகின்றன. மலையிலிருந்து அந்த அம்மா இறங்கிப் போனது அப்படி ஒன்றுக்குத்தான்.

அடுத்து, உடையலங்காரம். இதில்தான் சர்ச்சை அதிகம். 2010ல் போபாலில் நடந்த ஒரு பட்டமளிப்பில், அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் மேடையிலேயே அங்கியைக் கழற்றி, காலனி ஆட்சியின் காட்டுமிராண்டி மிச்சம் என்று சாடினார். 2019ல் யு.ஜி.சி., கைத்தறி உடை அணியலாமே என்று பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது. தாகூரின் விஸ்வபாரதியில் ஏழிலைப்பாலை இலைக் கொத்தைக் கொடுப்பது மரபு. அந்த மரத்தின் தாவரவியல் பெயரிலேயே ‘ஸ்காலரிஸ்’ இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் எழுதுபலகைக்கு உதவிய மரம் அது.

நானும் அங்கிக்கு எதிர்க்கட்சியாகத்தான் இருந்தேன். ஐரோப்பியக் குளிருக்குப் போட்டுக்கொண்டதைச் சென்னை வெயிலில் எதற்கு மாட்டிக்கொள்ள வேண்டும்? ஆனால் அந்த மண் சுவர் போட்டோவைப் பார்த்த பிறகு கிண்டல் செய்ய வாய் வரவில்லை. ஒரு பரம்பரையே வெளியில் நின்று பார்த்த உடையை அந்தப் பெண் முதல் தடவையாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள். கழற்றிப் போடு என்று சொல்ல நான் யார்? போட்டுப் போட்டு அலுத்தவர்கள் வேண்டுமானால் கழற்றட்டும்.

நாடகத்தின் கோளாறு உடையில் இல்லை, திரைக்கதையில் இருக்கிறது. கதாநாயகனுக்கு வசனமே கிடையாது. வரவேற்புரை, ஆண்டறிக்கை, பொன்னாடை, பேருரை எல்லாம் முன்வரிசை சோபாக்காரர்களுக்கு. மாணவனுக்கு ஒரு கூட்டு உறுதிமொழியும் சில விநாடியும். அந்த விநாடியில் யாராவது ஏதாவது செய்தால்தான் செய்தி. 2024 அக்டோபரில் பாரதியார் பல்கலைக்கழக மேடையில் ஓர் ஆய்வு மாணவர் ஆளுநரிடம் புகார் மனு நீட்டினார். 2025 ஆகஸ்டில் திருநெல்வேலியில் ஓர் ஆய்வாளர் ஆளுநரைத் தாண்டிப் போய்த் துணைவேந்தரிடம் பட்டம் வாங்கினார். சரியா தப்பா என்று டி.வி.யில் கட்சி பிரித்துச் சண்டை போட்டார்கள். பேச வேறு இடமில்லாததால்தானே அந்தச் சில விநாடியைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மாணவர்களே நடத்தும் விழா எப்படி இருக்கும்? போர்ச்சுக்கல்லில் கொயிம்ப்ரா என்று ஒரு பழைய பல்கலைக்கழகம். 1290ல் தொடங்கியது. மே மாதம் ஒரு வாரம் முழுக்க அங்கே ‘நாடா எரிக்கும் விழா’. மருத்துவத்துக்கு மஞ்சள், சட்டத்துக்குச் சிவப்பு என்று துறைக்கொரு நிறம். படித்த காலத்தின் அடையாளமான நாடாவைத் தீயிலிட்டு எரிக்கிறார்கள். நள்ளிரவில் பழைய தேவாலயப் படிகளில் பாட்டு, காகிதப் பூ ஜோடித்த வண்டிகளில் ஊர்வலம். கடைசி வருஷ மாணவர்கள் தலையில் உயரத் தொப்பி வைத்துக்கொள்ள, வீட்டாரும் நண்பர்களும் கைத்தடியால் அதில் தட்டி வாழ்த்துகிறார்கள். குடியும் கூத்தும் ஜாஸ்தி என்று குறை சொல்கிறவர்களும் உண்டு. இருந்தாலும் அம்மா, அப்பாவைப் பந்தலில் உட்காரவைத்து டி.வி. காட்டவில்லை.

1969 ஏப்ரலில் அங்கே ஒரு கட்டடத் திறப்பு விழா. நாட்டின் அதிபர் வந்திருந்தார், சர்வாதிகார ஆட்சி. மாணவர் தலைவர் ஆல்பெர்ட்டோ மார்ட்டின்ஸ் எழுந்து, மாணவர்கள் சார்பில் பேச அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. அன்றிரவே கைது. மாணவர்கள் துக்கம் அறிவித்து, அந்த வருஷ விழாவையே நிறுத்தினார்கள். மறுபடி அது முறையாக நடந்தது 1980ல்தான். அவர்கள் இல்லாமல் விழா இல்லை. நம் விழாவை மாணவர்கள் நிறுத்தவே முடியாது. அதுதான் அவர்கள் வராமலே நடக்குமே!

தமிழ்நாட்டு அரசு 2010லிருந்து, குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்படிப்பில் கட்டணச் சலுகை தருகிறது. அதற்காகத் தாலுகா ஆபீஸில் சான்றிதழே கொடுக்கிறார்கள். அரசாங்கத்துக்கே முக்கியமாகப் பட்ட விஷயம் விழா மேடைக்குத் தெரியவில்லை. படிப்பு இந்த மலையில் என்ன செய்யும் என்பதற்கு அத்தாட்சியும் உண்டு. ஜவ்வாது மலையை அடுத்த புலியூரைச் சேர்ந்த 23 வயதுப் பழங்குடிப் பெண் ஒருவர் சிவில் நீதிபதித் தேர்வில் தேறிய செய்தி 2024 பிப்ரவரியில் வந்ததே, நினைவிருக்கிறதா?

ஆயிரம் பேர் இருக்கிறார்கள், எப்படி ஸார் ஒவ்வொரு பேராகப் படிப்பது என்பார்கள். கணக்குப் போடுங்கள். ஒரு பேருக்கு ஐந்து விநாடி. ஆயிரம் பேருக்கு 84 நிமிஷம்கூட ஆகாது. ஒரு பேருரையைப் பத்து நிமிஷமாகச் சுருக்கினால் பாதிக்கு மேல் கிடைத்துவிடும். அதற்கும் மேல் கூட்டமென்றால் துறைவாரியாக நாலு நாள் நடத்துங்கள். முன்வரிசை சோபாவை முதல் பட்டதாரிகளின் பெற்றோருக்குக் கொடுங்கள். வி.ஐ.பி.க்கள் பந்தலில் உட்கார்ந்து டி.வி. பார்க்கட்டும், தப்பில்லை.

இதே ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1988ல் அங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து, ராமானுஜன் என்று பேர் வைத்தார்கள். எஃப்.ஏ. தேறாத நம் கணித மேதையின் பேர். வானத்தில் சுற்றும் ஒரு கல்லைத் தேடிப் பிடித்துப் பேர் சொல்லிக் கூப்பிட முடிகிறது. மேடையேறி வரும் பெண்ணைக் கூப்பிட முடியவில்லை.

மழை விட்டது. கிளம்பும்போது மகளின் பேரைக் கேட்டேன். இனிஷியலோடு ஆரம்பித்து, ஊரையும் சொல்லி, கடைசியில் நிறுத்தி நிதானமாக “பி.ஏ.” என்று முடித்தார் அந்த அம்மா. ஐந்து விநாடிகூட ஆகவில்லை.